பட்டறைக்கு எந்தப் பயிற்சி காசு பெறும்? ஜெட், லீன், டி.டபிள்யூ.ஐ மூன்றையும் எடைபோட்டால்

பத்து முதல் அறுபது பேர் வரை வேலை செய்யும் இயந்திரப் பட்டறைகளுக்கான மதிப்பீடு இது. சி.என்.சி. (கணினி இயக்கும்) லேத்தும் வி.எம்.சி.யும் (செங்குத்து மில்லிங் மெஷின்) வைத்து மற்ற நிறுவனங்களுக்கு ஜாப் ஒர்க் செய்கிறவர்கள், பம்ப், வால்வு, வாகன உதிரிபாகம் செய்கிறவர்கள் என்று கோவையிலும் ஓசூரிலும் அம்பத்தூரிலும் நிறைந்திருக்கிற வகை. இவர்களிடம் விற்கப்படும் பயிற்சிகளுக்குக் குறைவில்லை. நட்சத்திர ஓட்டலில் ஒருநாள் "தலைமைப் பண்பு" வகுப்பு முதல், அரசு மானியத்தோடு மாதக்கணக்கில் ஆலோசகர் வந்துபோகும் திட்டம் வரை எல்லாம் உண்டு. இங்கே மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்: மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் தரும் ஜெட் (ஜீரோ டிஃபெக்ட், ஜீரோ எஃபெக்ட்) சான்றிதழ், வீணைக் குறைக்கக் கற்றுத்தரும் அதே அமைச்சகத்தின் லீன் திட்டம், எண்பது வருடப் பழைய டி.டபிள்யூ.ஐ. (டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி) மேற்பார்வையாளர் பயிற்சி. ஓட்டல் வகுப்பைப் பற்றி ஒரு வரி போதும்: சாப்பாடு நன்றாக இருக்கும்.

முதலில், பட்டறைக்குத் தேவைப்படுவது பயிற்சிதானா என்று பார்க்க வேண்டும். கடைசி மூன்று மாத ரிஜெக்ஷன் சீட்டுகளையும் வாடிக்கையாளர் புகார்களையும் மேசையில் கொட்டி நான்கு குவியலாகப் பிரியுங்கள். ஆளுக்குத் தெரியாததால் வந்த தவறு முதல் குவியல். தெரிந்தும் கருவி இல்லாமல் வந்தது இரண்டாவது. ஆபரேட்டர் கையில் பழைய ரிவிஷன் ட்ராயிங் இருந்தது, அவசரத்தில் மூலப்பொருள் கம்பி மாறியது மாதிரி தகவல் போய்ச் சேராததால் வந்தது மூன்றாவது. யார் முடிவெடுப்பது என்று தெரியாமல் ஓடவிட்டது நான்காவது. முதல் குவியலுக்கு மட்டும்தான் பயிற்சி மருந்து. மற்ற மூன்றும் முதலாளியும் மேனேஜரும் உட்கார்ந்து தீர்க்க வேண்டியவை.

ஓர் எடுத்துக்காட்டு. ட்ராயிங்கில் 25 மி.மீ. எச்7 (துளைக்கான ஓர் அளவு வரம்பு) என்று போட்ட துளை என்றால் 25.000 முதல் 25.021 வரை இருக்கலாம். மொத்த இடைவெளியே 21 மைக்ரான். 0.02 மி.மீ. துல்லியமுள்ள வெர்னியரைக் கையில் கொடுத்துவிட்டு, "ஆளுக்கு அளக்கத் தெரியவில்லை, அளவியல் பயிற்சிக்கு அனுப்புங்கள்" என்றால் பயிற்சிக் கட்டணம் வீண். வாங்க வேண்டியது ஒரு கோ–நோகோ பிளக் கேஜ் (ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது), அல்லது துளை அளக்கும் போர் கேஜும் அதைச் சரிசெய்யும் செட்டிங் ரிங்கும். போர் கேஜை வாங்கிக் கொடுத்த பிறகும் மூன்று பேர் ஒரே பீஸில் மூன்று அளவு சொன்னால் அப்போது பயிற்சி தேவை. அதைக் கண்டுபிடிப்பதும் எளிது: பத்து பீஸுக்கு எண் போட்டு, மூன்று ஆபரேட்டரிடம் முந்தைய அளவைக் காட்டாமல் இரண்டு முறை அளக்கச் சொல்லுங்கள். அளவுக் கருவியாலும் ஆளாலும் வரும் ஏற்ற இறக்கம் டாலரன்ஸில் (அனுமதித்த இடைவெளியில்) 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 30 சதவீதத்தைத் தாண்டினால் அந்த அளவை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது.

ஜெட்: வெண்கலத்தோடு நிறுத்தினால் சுவரில் ஒரு சட்டம்

2022 ஏப்ரலில் புது வடிவில் வந்த திட்டம். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படிகள். வெண்கலத்துக்கு 5 அளவுகோல், வெள்ளிக்கு 14, தங்கத்துக்கு 20. கட்டணம் முறையே 10,000, 40,000, 90,000 ரூபாய். குறு நிறுவனத்துக்கு 80 சதவீதமும் சிறு நிறுவனத்துக்கு 60 சதவீதமும் நடுத்தரத்துக்கு 50 சதவீதமும் மானியம் உண்டு. பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்குக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு கட்டாயம். சான்றிதழ் மூன்று ஆண்டுக்குச் செல்லும்.

வெண்கலத்தின் ஐந்தும் தலைமை, பணியிடத் தூய்மை, பணியிடப் பாதுகாப்பு, குறித்த நேர டெலிவரியை அளத்தல், தர மேலாண்மை ஆகியவை. தேர்வு நல்ல தேர்வுதான். ஆனால் ஆதாரம் பெரும்பாலும் புகைப்படமும் ஆவணமும். ஒரு சனிக்கிழமை கூட்டிப் பெருக்கி, மஞ்சள் கோடு போட்டு, தீயணைப்பானைப் புதுப்பித்து, படம் எடுத்து ஏற்றினால் காரியம் முடிந்துவிடும் என்ற மனநிலை வந்துவிடுகிறது. திங்கட்கிழமை அந்த மஞ்சள் கோட்டின் மேலேயே வார்ப்பு இறங்கும்.

ஆனாலும் ஒன்றை விட்டுவிடக் கூடாது: டெலிவரியை அளக்கும் அந்த நான்காவது அளவுகோல். ஒழுங்காகச் செய்தால் அது மட்டுமே கட்டணத்துக்குத் தகும். தவறு நடக்கும் இடம், எந்தத் தேதியோடு ஒப்பிடுவது என்பது. வாடிக்கையாளரிடம் போனில் கெஞ்சி மாற்றிக்கொண்ட தேதியோடு ஒப்பிட்டால் எல்லா மாதமும் 95 சதவீதம் வரும். பர்ச்சேஸ் ஆர்டரில் முதலில் அச்சான தேதியோடு, முழு எண்ணிக்கையும் போனால்தான் "போனது" என்ற கணக்கோடு பாருங்கள். 500 பீஸ் ஆர்டரில் 480 போனால் அது போகாத ஆர்டர். பக்கத்தில் காரணத்துக்கு ஒரு கட்டம்: மூலப்பொருள், இயந்திரம், ஆள், வெளியே கொடுத்த ஹீட் ட்ரீட்மென்ட் அல்லது பிளேட்டிங், ரீவொர்க், திட்டமிடல். இரண்டு மாதம் எழுதினால் போதும், பயிற்சிக்கு அனுப்ப வேண்டியது ஆபரேட்டரையா, பிளானிங் பார்க்கிறவரையா என்பது தெரிந்துவிடும். பல பட்டறைகளில் அந்தப் பிளானிங் பார்க்கிறவர் முதலாளியேதான்.

வெள்ளிப் படியில்தான் மேலாண்மை என்று சொல்லத்தக்க விஷயங்கள் வருகின்றன: மனிதவளம், தினசரி வேலை மேலாண்மை, திட்டமிட்ட பராமரிப்பும் கேலிப்ரேஷனும், செயல்முறைக் கட்டுப்பாடு, பொருள் மேலாண்மை. பெரிய வாடிக்கையாளரின் ஆடிட்டுக்குத் தயாராகிறவர்களுக்கு வெள்ளி நல்ல ஒத்திகை. ஆனால் ஜெட் அடிப்படையில் பரிட்சைதான். பாடம் எடுப்பது அதன் முதல் வேலை இல்லை. அப்படி வாங்கினால் ஏமாற்றம் இருக்காது. ஐந்துக்கு இரண்டரை.

லீன்: ஆலோசகர் எங்கே நிற்கிறார் என்பதுதான் எல்லாம்

முன்பு குழுமமாகச் சேர்ந்தால்தான் கிடைத்த லீன் உதவி, 2023 மார்ச்சில் புதுப்பிக்கப்பட்டது. அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்று கட்டம். தேசிய உற்பத்தித்திறன் குழுவும் இந்தியத் தரக் குழுவும் நடத்துகின்றன. கைபிடித்துச் சொல்லித்தரும் ஆலோசகர் செலவில் 90 சதவீதம் மத்திய அரசின் பங்கு. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு இன்னும் 5 சதவீதம் கூடும். அடிப்படைக் கட்டம் பெரும்பாலும் திரையில் பார்த்துக் கற்பது. வேலை நடப்பது இடைநிலையிலிருந்துதான்.

இந்தச் சேவையின் தரம் திட்டத்தைவிட வருகிற ஆளைப் பொறுத்தது. ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டிய கேள்வி: "வருகிற நாளில் எத்தனை மணி நேரம் மெஷின் பக்கத்தில் நிற்பீர்கள்?" பாதிக்கு மேல் மீட்டிங் ரூம் என்றால் வேண்டாம். அடுத்து, முதல் மாதத்தில் எந்த ஒரே மெஷினை எடுப்பார் என்று கேளுங்கள். "மொத்தப் பட்டறையும்" என்று பதில் வந்தால் அதுவும் வேண்டாம்.

நல்ல ஆலோசகர் கையில் இந்தத் திட்டம் என்ன தரும் என்பதற்கு செட்டிங் நேரம், அதாவது ஒரு ஜாப்பிலிருந்து அடுத்ததற்கு மெஷினை மாற்றும் நேரம், சரியான உரைகல். அதைக் குறைக்கும் முறையை ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ உருவாக்கினார். 1950-ல் டோயோ கோக்யோ (இன்றைய மாஸ்டா) ஆலையில் தொடங்கி, 1969-ல் டொயோட்டாவின் 1,000 டன் பிரஸ்ஸில் நான்கு மணி நேர டை (அச்சு) மாற்றத்தை மூன்று நிமிடமாக்கியது வரை வளர்ந்த முறை அது. அதன் உயிர் ஒரே கேள்வி: இந்த வேலையை மெஷின் ஓடும்போதே செய்ய முடியுமா, நின்றால்தான் முடியுமா?

நம் ஊர் சி.என்.சி. லேத்தில் ஒரு ஜாப் மாற்ற 70 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய ஜாவை (ஜாப்பைப் பிடிக்கும் சக்கின் தாடை) கழற்றிப் புது ஜாவைத் தேடி மாட்ட 15, சாஃப்ட் ஜாவை ஜாப் அளவுக்குக் குடைய, அதாவது போர் அடிக்க 20, டூல் மாற்ற 10, புரோகிராமும் ஆஃப்செட்டும் (டூலுக்கான அளவுத் திருத்தம்) 5, முதல் பீஸ் அடித்து குவாலிட்டி ஆள் வரும்வரை காத்திருக்க 20. இதில் உலோகம் வெட்டும் அறிவு தேவைப்படுவது பாதிகூட இல்லை. மீதியெல்லாம் தேடலும் காத்திருப்பும்.

ஜாவுக்கு ஜாப் எண்ணையும் சக்கின் ஸ்லாட் எண்ணையும் பஞ்ச் செய்து, அடுத்த ஜாப்புக்கானதை முந்தைய ஜாப் ஓடும்போதே டிராலியில் வைத்தால் 15 நிமிடம் 5 ஆகும். பழைய ஜாவையே மாட்டுவதால் முழு போர் வேண்டாம், மேலாக ஒரு ஸ்கிம் போதும், 6 நிமிடம். ஆனால் இங்கே ஒரு பிழை அடிக்கடி நடக்கும். ஜாவை வெறுமனே மூடி போர் அடித்துவிட்டு, ஜாப்பை வேறு பிரஷரில் பிடிப்பார்கள். போர் அடிக்கும்போது உள்ளே ரிங் கொடுத்து, ஜாப் ஓடப்போகிற அதே பிரஷரில் பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜா வாயகன்று ரன்-அவுட் (சுழலும்போது ஆட்டம்) வரும். பிறகு "மெஷின் சரியில்லை" என்று சர்வீஸ் ஆளைக் கூப்பிடுவார்கள். பொதுவான டூல்களை டரட்டில் (டூல்களைத் தாங்கும் சுழல் தலை) நிலையான இடத்தில் வைத்துவிட்டால் டூல் மாற்றம் 4. புரோகிராம் அதே 5. முதல் பீஸுக்கான கேஜ்கள் ஜாப் டிராலியிலேயே வந்து, குவாலிட்டி ஆளுக்கு முன்கூட்டியே தகவல் போயிருந்தால் 8. மொத்தம் 28.

ஒரு நாளில் இரண்டு செட்டிங் என்றால் 84 நிமிடம் மிச்சம். 25 வேலை நாளுக்கு 35 மணி நேரம், ஒரு மெஷினில். புது மெஷின் வாங்க வங்கிக்குப் போவதற்கு முன் பார்க்க வேண்டிய எண் இது. கூடவே ஒரு எச்சரிக்கை: அந்த 35 மணி நேரத்தை நிரப்ப ஆர்டர் இருந்தால்தான் அது காசு. ஆர்டர் இல்லாவிட்டால் அதே நேரத்தைச் சிறு சிறு பேட்சாக ஓட்டச் செலவிடுங்கள். ஸ்டாக்கில் முடங்கிய பணம் இறங்கும், டெலிவரி ஏறும்.

லீன் ஆலோசகர்கள் பட்டறைக்கு விட்டுப்போகிற இன்னொன்று ஓ.இ.இ. கணக்கு: கிடைத்த மெஷின் நேரத்தில் எத்தனை சதவீதம் நல்ல பீஸாக மாறியது என்பது. சாப்பாடு, டீ கழித்து 430 நிமிடம் கிடைக்கிற ஷிஃப்டில் செட்டிங், பிரேக்டவுன் 80 நிமிடம் போனால் ஓடியது 350. ஒரு பீஸுக்கான சைக்கிள் நேரம் ஒன்றரை நிமிடம், வந்தது 190 பீஸ், நல்லது 182. நல்ல பீஸுக்கு ஆன நேரம் 273 நிமிடம். 430-ஆல் வகுத்தால் 63.5 சதவீதம். எண் சரிதான், ஆனால் அது எங்கே ஏமாற்றும் என்று பாருங்கள். ஓடியது 350 நிமிடம், 190 பீஸுக்குத் தேவை 285. மீதி 65 நிமிடம் எங்கே போனது? யாரும் எழுதாத சில்லறை நிறுத்தங்கள்: சிப் (வெட்டிய உலோகச் சுருள்) சுற்றியது, கம்பி எடுக்கப் போனது, ஃபீட் ஓவர்ரைடை (வெட்டும் வேகக் குமிழ்) 80 சதவீதத்தில் வைத்து ஓட்டியது. சைக்கிள் நேரத்தைத் தாராளமாகப் போட்டுக்கொண்டால் இந்த 65 மறைந்துவிடும், ஓ.இ.இ. 78 காட்டும், பலகையில் பச்சை நிறம் ஒளிரும். ஸ்டாப்வாட்சால் பத்து சைக்கிள் எடுத்து, புரோகிராமின் நேரத்தோடு சேர்த்துப் பார்க்காமல் ஓ.இ.இ. பலகை மாட்டவே கூடாது.

ஐந்துக்கு மூன்றரை. தரையில் நிற்கிற ஆலோசகர் கிடைத்தால் நான்கரை. பவர்பாயின்ட் ஆள் வந்தால் அந்தப் பத்து சதவீதமும் தண்டம்.

டி.டபிள்யூ.ஐ.: பத்து மணி நேரம், ஒரு அட்டை

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்காவில் நடந்த திட்டம். தொழில் தெரிந்தவர்கள் போருக்குப் போய்விட, பயிற்சியே இல்லாதவர்களை வைத்து உற்பத்தி நடத்த வேண்டிய நெருக்கடியில் பிறந்தது. 16,000-க்கும் மேற்பட்ட ஆலைகளில் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்பார்வையாளர்கள் முடித்தார்கள். போருக்குப் பின் ஜப்பானுக்குப் போய் அங்கே வேர்விட்டது. டொயோட்டாவின் செயல்முறைத் தரப்படுத்தலுக்குப் பின்னால் இருப்பது இதுதான். கையேடுகள் அமெரிக்க அரசு வெளியீடுகள் என்பதால் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆசிரியரை மட்டும் தேட வேண்டும்.

மூன்று பாடம். வேலை கற்றுக்கொடுப்பது, வேலை முறையைத் திருத்துவது, ஆட்களோடு உறவைப் பேணுவது. ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வு, ஒரு குழுவில் பத்துப் பேர், ஆளுக்கு ஒரு பாக்கெட் அட்டை. சிறு பட்டறைக்கு முதல் பாடமே போதும். அதுதான் இந்த மூன்று சேவைகளில் காசுக்கு அதிகம் தருவது.

ஏன் என்பதற்கு நம் பட்டறையின் வழக்கத்தைப் பார்க்க வேண்டும். நன்றாக செட்டிங் செய்கிறவரை சூப்பர்வைசர் ஆக்குகிறோம். அன்றிலிருந்து பட்டறைக்கு ஒரு நல்ல செட்டர் குறைகிறார், கற்றுக்கொடுக்கத் தெரியாத ஒரு சூப்பர்வைசர் கூடுகிறார். புதிதாக வருகிறவனிடம் அவர் சொல்வது "பக்கத்துல நின்னு பாத்துக்கோ தம்பி". மூன்று வாரத்தில் அந்தத் தம்பி கற்றுக்கொள்வது அவர் கை செய்வதைத்தான். ஏன் அப்படிச் செய்கிறார் என்பது அவர் தலையிலேயே இருக்கும். அவர் பக்கத்துப் பட்டறைக்குப் போனால் அதுவும் கூடப் போய்விடும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் மெஷினில் நிற்கும் இன்றைய நிலையில், பேசிப் புரியவைப்பதும் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

வகுப்பின் முதல் அமர்வே இதைத்தான் உடைக்கிறது. மின்கம்பியில் போடும் ஒரு முடிச்சை ஆசிரியர் முதலில் வாயால் மட்டும் சொல்லித்தருவார், யாராலும் போட முடியாது. பிறகு வாய் திறக்காமல் செய்து மட்டும் காட்டுவார், அப்போதும் முடியாது. மூன்றாவதாக முறைப்படி கற்றுத்தருவார், வரும். இருபது வருட அனுபவமுள்ள ஃபோர்மேன் ஒரு முடிச்சின் முன் தடுமாறுகிற அந்த நிமிடம் எந்தச் சொற்பொழிவையும்விட வேலை செய்கிறது.

நான்கு படி: ஆளைத் தயார்செய்வது, வேலையைக் காட்டுவது, செய்யவைத்துப் பார்ப்பது, பின்தொடர்வது. முதல் படியிலேயே நுணுக்கம் உண்டு. கற்கிறவனை எதிரே நிறுத்தக் கூடாது, பக்கத்தில் நிறுத்த வேண்டும். எதிரே நின்றால் இடது வலது மாறித் தெரியும். மூன்றாம் படியில் அவன் நான்கு தடவையாவது செய்ய வேண்டும்: முதலில் பேசாமல், அடுத்து ஒவ்வொரு படியையும் சொல்லிக்கொண்டே, அடுத்து கவனிக்க வேண்டியதையும் சேர்த்து, கடைசியாக ஏன் என்பதையும் சேர்த்து. நான்காம் படியில் சந்தேகம் வந்தால் யாரிடம் போவது என்று பெயர் சொல்லி ஓர் ஆளைக் காட்ட வேண்டும். "யாரையாவது கேளு" என்பது பதில் இல்லை.

ஆனால் இதன் சரக்கு இருப்பது வகுப்புக்கு முன் எழுதும் வேலைப் பிரிப்புத் தாளில். மூன்று பத்தி: முக்கியப் படி, கவனிக்க வேண்டியது, ஏன். கவனிக்க வேண்டியது என்று எழுத மூன்றே தகுதி: வேலை கெடும் அல்லது நிற்கும், ஆளுக்கு அடிபடும், அல்லது வேலையை எளிதாக்கும் ஒரு சூட்சுமம். மற்றதை எழுதினால் தாள் நீளும், யாரும் படிக்க மாட்டார்கள். சி.என்.சி. லேத்தில் இன்செர்ட் (டூலின் நுனியில் மாட்டும் வெட்டுத் துண்டு) மாற்றுவதற்கு அந்தத் தாள் இப்படி இருக்கும்:

படி 1: டரட்டைத் தள்ளி நிறுத்திக் கதவைத் திற. கவனிக்க: ஸ்பிண்டில் முழுக்க நின்ற பிறகு, கையுறையோடு. ஏன்: சிப் கத்தி மாதிரி, இன்செர்ட் சுடும்.

படி 2: ஸ்க்ரூவைக் கழற்றி இன்செர்ட்டை எடு. கவனிக்க: கீழே துணி விரி. ஏன்: ஸ்க்ரூ சிப் கன்வேயரில் விழுந்தால் அரை மணி நேரம்.

படி 3: இன்செர்ட் உட்காரும் இடத்தைத் துடை. கவனிக்க: விரலால் தடவிப் பார், அடியில் ஷிம் (தாங்கு தகடு) உடைந்திருக்கிறதா பார். ஏன்: ஒரு சிறு சிப் இருந்தாலும் இன்செர்ட் சாய்ந்து உட்காரும், அளவு போகும், முனை உடையும்.

படி 4: புது முனையை வைத்து இறுக்கு. கவனிக்க: இரண்டு சுவரிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டே இறுக்கு, அதற்கான சாவியால் மட்டும். பயன்படுத்திய முனையில் மார்க்கர் வை. ஏன்: அழுத்தாமல் இறுக்கினால் ஓட்டத்தில் நகரும். மார்க் இல்லாவிட்டால் அடுத்தவன் தேய்ந்த முனையைத் திருப்பி மாட்டுவான்.

படி 5: எக்ஸ் வேர் ஆஃப்செட்டில் (விட்டத்துக்கான தேய்மானத் திருத்தம்) 0.2 கூட்டு. கவனிக்க: புள்ளி வை. "+இன்புட்" அழுத்து, "இன்புட்" அல்ல. ஏன்: ஃபானுக் நிறுவனக் கன்ட்ரோலின் பொதுவான அமைப்பில் புள்ளி இல்லாமல் 2 என்று அடித்தால் 0.002 ஆகிவிடலாம். "இன்புட்" பழைய மதிப்பை அழித்துப் புதியதை வைக்கும், "+இன்புட்" இருப்பதோடு கூட்டும். வெளி விட்டத்துக்கு இந்தக் கூட்டல். துளைக்கு என்றால் கழிக்க வேண்டும்.

படி 6: ஒரு பீஸ் ஓட்டி, கூலன்ட்டைத் துடைத்து அள, திருத்து. கவனிக்க: வித்தியாசத்தை மட்டும் அடி. விட்டம் 0.18 கூடுதல் என்றால் கழித்தல் 0.18. ஏன்: முழு அளவை அடித்தால் டூல் மோதும்.

படி 5-இல் உள்ள அந்த ஒரு பொத்தான் வித்தியாசம் எத்தனை டரட்டைத் தட்டியிருக்கும் என்று எந்த சர்வீஸ் இன்ஜினியரைக் கேட்டாலும் சொல்வார். பழைய செட்டருக்கு அது விரல் நுனியில் இருக்கும். அதனாலேயே அவர் அதைச் சொல்ல மறப்பார். தாள் எழுதவைப்பதன் பயன் அதுதான். ஹிந்தியிலும் ஒடியாவிலும் "கவனிக்க" பத்தியை மட்டும் மொழிபெயர்த்து ஒட்டினால் போதும். படிகளைக் கை காட்டிவிடும்.

குறைகளும் உண்டு. பத்துப் பேருக்குப் பத்து மணி நேரம் என்றால் நூறு ஆள்-மணி. டெலிவரி நெருக்கும் வாரத்தில் முதலாளியின் முகம் மாறும். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. இல்லாமல் வரச்சொன்னால் எல்லோர் முகமும் மாறும். வாரநாளில், ஷிஃப்ட் தொடங்கும்போது, ஐந்து நாள் தொடர்ந்து வைப்பதே சரி. வகுப்பு முடிந்ததும் தாள் எழுதுவது நின்றுபோவது அடுத்த நோய். வாரம் ஒரு தாள், சூப்பர்வைசர் எழுத, மேனேஜர் மெஷின் பக்கத்தில் நின்று சரிபார்க்க வேண்டும். ஆறு மாதத்தில் 25 தாள் சேர்ந்தால் ஒரு சிறு பட்டறையின் முக்கால்வாசி சிக்கல் வேலைகள் அதில் அடங்கிவிடும். இதோடு ஒரு திறன் அட்டவணை: இடப்பக்கம் ஆட்கள், மேலே வேலைகள், கட்டத்தில் தேதி. "தெரியும்" என்று டிக் போடுவதைவிட "எந்தத் தேதிக்குள் யார் கற்றுத்தருவார்" என்று எழுதுவதே இந்த முறை கேட்பது. ஒரே ஆளுக்கு மட்டும் தெரிந்த வேலை எது என்று பார்த்து அந்தக் கட்டத்தை முதலில் நிரப்புங்கள்.

ஐந்துக்கு நாலரை. கழித்த அரை மதிப்பெண், நல்ல ஆசிரியர் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதற்காக.

மூன்றிலும் இல்லாத பாடம்

விலை போடுவது. முதலாளிக்கே தேவைப்படும் பயிற்சி இது, யாரும் விற்பதில்லை. ஓர் உதாரணக் கணக்கு. 18 லட்சம் ரூபாய் லேத். பத்து வருடத் தேய்மானம் 1,80,000. சராசரி வட்டி 90,000. இரண்டு ஷிஃப்ட் ஆபரேட்டர் தலா 18,000 என்றால் வருடத்துக்கு 4,32,000. வாடகை, சூப்பர்வைசர், பராமரிப்புப் பங்கு 2,40,000. மொத்தம் 9,42,000. வருடம் 300 நாள், இரண்டு எட்டு மணி நேரம், 4,800 மணி என்று வகுத்தால் மணிக்கு 196 ரூபாய். கரண்டுக்கு 48 சேர்த்து 244. "260 போட்டால் 16 லாபம்" என்று கொட்டேஷன் போகிறது.

மெஷின் 4,800 மணி நேரம் ஓடுமா? செட்டிங், பிரேக்டவுன், ஆர்டர் இல்லாத நாள், ஆள் வராத இரவு ஷிஃப்ட் எல்லாம் போக 65 சதவீதம் ஓடினால் 3,120. இப்போது மணிக்கு 302, கரண்டோடு 350. 260-க்கு ஒப்புக்கொண்ட ஒவ்வொரு மணியிலும் 90 ரூபாய் நட்டம், வருடத்துக்கு ஏறக்குறைய 2 லட்சத்து 80 ஆயிரம். வேலை குவிந்து கிடக்கும், கையில் காசு இருக்காது. சம்பளத்தையும் கரண்டையும் மட்டும் கழித்துப் பார்க்கிற பட்டறையில் தேய்மானம் கண்ணில் படாது, மெஷின் மாற்ற வேண்டிய வருடத்தில்தான் படும். செட்டிங் குறைப்பின் பயனும் இங்கேதான் தெரியும். ஓடும் மணி 65-லிருந்து 75 சதவீதமானால் அதே ரேட் 310-க்கு இறங்கும்.

பயிற்சி நிலைக்குமா என்ற கேள்விக்கு மும்பைக்கு அருகே தாராப்பூர், உம்பர்காவ் நெசவாலைகளில் நடந்த ஆய்வு நல்ல பதில் வைத்திருக்கிறது. 2008-ல் தொடங்கி, ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் ப்ளூம் குழுவினர் சில ஆலைகளுக்கு மாதக்கணக்கில் இலவச ஆலோசகர்களைக் கொடுத்து, ஒரு மாத ஆய்வு மட்டும் பெற்ற ஆலைகளோடு ஒப்பிட்டார்கள். இயந்திரப் பராமரிப்புப் பதிவு, குறை வகைப்பாடு, ஸ்டாக் கணக்கு போன்ற சாதாரண விஷயங்கள்தான். முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. 2017-ல் மறுபடி போய்ப் பார்த்தபோது கற்ற பழக்கங்களில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தன. ஆனாலும் முழு ஆலோசனை பெறாத ஆலைகளைவிட முன்னேதான் இருந்தார்கள். கைவிட்டதற்குச் சொன்ன காரணங்களில் முக்கியமான இரண்டு: மேனேஜர் மாறிப்போனது, முதலாளிக்கு நேரம் இல்லாமல்போனது.

அதனால் பணம் கட்டும் முன் வரிசையை இப்படி வையுங்கள். முதல் இரண்டு மாதம் யாருக்கும் காசு கொடுக்காமல் நான்கு குவியல், டெலிவரி அட்டவணை, மெஷின் மணி ரேட். அடுத்து சூப்பர்வைசர், செட்டர்கள் பத்துப் பேருக்கு வேலை கற்றுக்கொடுக்கும் வகுப்பு. இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு லீன் இடைநிலைக்குப் போனால், வருகிற ஆலோசகருக்குச் செட்டிங்தான் பிரச்சினையா, காத்திருப்பா, ரிஜெக்ஷனா என்று நீங்களே காட்டலாம். வெறுங்கையோடு போனால் அவர் 5எஸ்-இலிருந்து (பணியிடத்தை ஒழுங்குபடுத்தும் ஐந்து படிகள்) ஆரம்பித்து அங்கேயே நிற்பார். ஜெட் வெள்ளி கடைசியில், வாடிக்கையாளர் கேட்கும்போது.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்று, ஒவ்வொரு வருகைக்கும் ஒரு மெஷினின் செட்டிங் நேரம், முதல் பீஸ் ஒப்புதல் நேரம், உள் ரிஜெக்ஷன் ஆகியவற்றின் முன்–பின் எண்ணை சூப்பர்வைசர் கையால் எழுதித் தர வேண்டும். மற்றொன்று, வகுப்பு முடிந்து மூன்றாவது மாதத்தில் ஒரு நாள், கட்டணத்தின் கடைசித் தவணையை நிறுத்திவைத்து, அவர் திரும்ப வந்து மெஷின் பக்கத்தில் அந்தத் தாள்களைச் சரிபார்க்க வேண்டும். இரண்டாவதற்கு முகம் சுளிக்கிறவரிடம் முதலாவதைப் பற்றிப் பேசத் தேவையில்லை.